கூடத்துச் சுவரில் அங்கம்மாள்

கோகிலவாணி பொய் பேசிப் பழகியவள் அல்ல. குழம்பில் உப்புக் கூடிப்போனால்கூட, இலையில் ஊற்றுவதற்கு முன்பே தானாகச் சொல்லிவிடுகிற ஆள். அப்பேர்ப்பட்டவள், புது வீடு குடிபுகும் புண்ணியார்ச்சனை அன்று, உறவெல்லாம் கூடியிருந்த கூடத்தில், ஓமப் புகை அடங்குவதற்குள் ஒரு பொய் சொன்னாள். பெரிய பொய்யும் இல்லை, ஒரு வாய்ச்சொல்தான். ஆனால் நெருஞ்சி முள் எத்தனை பெரிது? செருப்பைத் துளைத்துக்கொண்டு காலுக்குள் போய்விடுகிறதே.

வீடு நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே, அவர்களுடைய மஞ்சள் காட்டை ஒட்டிக் கட்டியது. கோகிலவாணியின் கணவன் ஜெகதீஸ்வரன் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. கூடத்தின் கூரையை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். தூக்கியதில் எதிர்ச்சுவர் வெள்ளை வேட்டி காயப்போட்டது மாதிரி மொட்டையாக நின்றது. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்திருந்த மகள் மதுமதி, "அந்தச் சுவர் எனக்கு, யாரும் எதுவும் மாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். புண்ணியார்ச்சனைக்கு முதல் நாள் படத்தைக் கொண்டுவந்து மாட்டினாள்.

படத்தைப் பார்த்தவுடன் கோகிலவாணி கைவேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது உண்மை. பங்குனி மாதத்துக் காடு. அவர்களுடைய காடேதான். மஞ்சள் வெட்டி முடித்து மண் புரண்டு கிடக்கிறது. தூரத்தில் போதமலை, காலைப் பனி விலகாத நீலத்தில். வரப்போரத்துப் புங்கமரம் புதுத் தளிர் விட்டு, உள்ளுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்தது போலப் பச்சையாக ஒளிர்கிறது. மரத்தடி முழுக்க உதிர்ந்த பூ. அத்தனை பெரிய காட்டுக்கும் ஒரே ஒரு ஆள். ஒரு பெண்பிள்ளை, நமக்குப் பாதி முதுகு காட்டி நின்று மலையைப் பார்க்கிறாள். தலையில் துண்டு சுற்றியிருக்கிறது. இடது கை இடுப்பில். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, ஊதாக் கட்டம் போட்டது. முகம் தெரியாது, கன்னத்தில் கொஞ்சமும் காதும் மட்டும்தான்.

ஆனால் யார் என்று கேட்கவே வேண்டாம். அங்கம்மாள். கோகிலவாணி கல்யாணமாகி வந்த நாளுக்கு முன்பிருந்தே அந்தக் காட்டில் களை எடுத்து, மஞ்சள் வெட்டி, வேகவைத்துக் காயப்போடுகிறவள். மதுமதி கைக்குழந்தையாக இருந்தபோது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே களை எடுத்தவள். அந்த ஊதாக் கட்டச் சட்டை ஜெகதீஸ்வரனின் அப்பாவுடையது. அவர் இறந்த பிறகு கோகிலவாணியின் மாமியார் பாப்பாயி அதைத் தன் கையாலேயே அங்கம்மாளுக்குக் கொடுத்தாள். மஞ்சள் செடியின் தாள் கையை அறுக்காமல் இருக்க அங்கம்மாள் அதைத்தான் இன்றைக்கும் போட்டுக்கொள்கிறாள்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா ஆளில்லாம வரஞ்சிருக்கலாமல்லொ?" என்றாள் கோகிலவாணி.

"ஆளில்லாத காடு எங்கம்மா இருக்குது?"

"இல்ல, நாலு பேரு வர்ற எடம். யாரு என்னன்னு கேப்பாங்க."

"கேட்டா அங்கம்மாக்கான்னு சொல்லுங்க. நாளைக்கு அவங்களையும் வரச்சொல்லியிருக்கறேன். படத்தை அவங்க இன்னும் பாக்கல."

கோகிலவாணி குத்துவிளக்கைத் துலக்கப் போய்விட்டாள். வேலைக்காரியைப் பெண் 'அக்கா' போட்டுக் கூப்பிடுவதே அவளுக்குக் கொஞ்சம் உறுத்தும். அதையும் அவள் சொன்னதில்லை. சொன்னால் மகள் திருப்பி ஏதாவது கேட்பாள், பதில் இருக்காது.

மறுநாள் விடியலில் பால் பொங்கி, ஓமம் முடிந்து, கூட்டம் பந்திக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து நங்கையா அத்தாயி வந்திருந்தாள். நங்கையா என்றால் கணவனின் அக்கா. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருக்கும் பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளோடு அவள் புகுந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், பட்டுச்சேலை சரசரக்க, ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கூடத்துக்கு வந்ததும் ஒருத்தி நின்றாள்.

"ஏனுங்க, இத்தாச் சோட்டுப் பெரிய படம்! ஆரு இது? மஞ்ச வெட்டற ஆளாட்ட இருக்குது?"

மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊட்டுக்காரிய மாட்டுவாங்க, சாமி படம் மாட்டுவாங்க. இவிங்க ஆளுக்காரியக் கொண்டாந்து நடு ஊட்டுல நிறுத்திப்போட்டாங்க பாருங்க."

பெரிய கேலியும் இல்லை அது. கல்யாண வீட்டில் இதைவிடப் பெரிய கேலியெல்லாம் பேசுவார்கள். ஆனால் கோகிலவாணிக்குக் காது மடல் சுட்டது. கூடத்தில் அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பது போல் இருந்தது. புத்தி எழுந்து வருவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"ஆளுக்காரியா? நல்லாப் பாருங்க. என்ற மாமியாருங்க அது."

சொன்ன பிறகுதான், பின்னால் அத்தாயி நிற்பது தெரிந்தது.

பாப்பாயிக்குப் படமே கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை கேமராவுக்கு முகம் காட்டாதவள். ரேஷன் அட்டைக்கு வேண்டாவெறுப்பாக எடுத்த ஒரே படம்கூட, பெரிதாக்கினால் அரிசி மாவைக் கொட்டியது போலாகிவிட்டது. அதனால் புது வீட்டிலும் மாமனாரின் படம் மட்டும் தனியாகத் தொங்கியது. காலையில் வந்ததும் வராததுமாக அத்தாயி அதைப் பார்த்து, "எங்கம்மாளுக்கு மட்டும் இந்த ஊட்டுல எடமில்லையாட்டருக்குது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தாள்.

இப்போது அத்தாயி மெல்லப் படத்தின் அருகே வந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் கை அந்தச் சட்டையின் மேல் போய் நின்றது.

"எங்கய்யன் சட்டை" என்றாள். குரல் உடைந்தது. "தீவாளிக்கு நானு எடுத்துக் குடுத்தது. அம்மா இதையப் போட்டுக்கிட்டுக் காட்டுக்குப் போனாங்களா கோகிலா?"

இதுதான் இடம். இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். 'இல்லீங்க நங்கையா, சும்மா சொன்னேன்' என்றால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அந்த அம்மாள் அழுதுகொண்டிருக்கிறாள். பட்டுச்சேலைக்காரிகள் வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோகிலவாணி தலையை ஆட்டினாள். தலை ஆட்டுவதும் பொய்தானே.

"கடைசீல கடைசீல போட்டுக்கிட்டாங்க" என்று வாயும் சேர்ந்துகொண்டது.

"நிக்கறதப் பாரு. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, எங்கம்மாளேதான். மொகங்கூட வேண்டாம் எனக்கு." அத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் காரியத்தில் இறங்கினாள். பூஜையில் மிச்சமிருந்த சம்பங்கி மாலையை எடுத்துவரச் சொன்னாள். ஜெகதீஸ்வரனின் ஏணி வந்தது. படத்துக்கு மாலை விழுந்தது. சந்தனம் குழைத்து நான்கு மூலைக்கும் வைத்தாள். குங்குமத்தை எடுத்து, தலைத்துண்டுக்குக் கீழே தெரிந்த அந்தக் கொஞ்சக் கன்னத்துக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். கீழே நெய் விளக்கு ஏற்றினாள். ஏற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள். பெரியவளே விழுந்து கும்பிட்டால் மற்றவர்கள் சும்மா நிற்பார்களா? வரிசையாக வந்து கும்பிட்டார்கள். ஆளுக்காரி என்று சிரித்தவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உயிரோடு இருக்கிற மனுஷிக்கு. நல்லா இருக்கிறவளுக்கு. மாலை போட்டுப் பொட்டு வைத்து விளக்கும் வைத்தாகிவிட்டது. நம் பக்கத்தில் இதைவிடக் கெட்ட சகுனம் வேறென்ன இருக்கிறது? ஒருத்தரைச் சாகச் சொல்லி வையவேண்டுமென்றால்கூட 'உன் படத்துக்கு மாலை விழ' என்றுதானே வைகிறோம். கோகிலவாணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெகதீஸ்வரன் அவளைப் பார்த்தார். அவருக்கும் படத்தில் இருப்பது யார் என்று தெரியும். பார்த்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

மாடியிலிருந்து இறங்கிவந்த மதுமதி, கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது?"

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"இப்பவே போய்க் கழட்டறேன்."

"சாமி, சாமி. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க. எல்லாரும் போயிரட்டும். சபையில என்ற மானம் போயிரும் கண்ணு."

"உங்க மானம் போகக் கூடாதுன்னு அவங்களச் சாகடிச்சிட்டீங்க."

"மெதுவாப் பேசு."

"அவங்க வருவாங்கம்மா. மத்தியானம் வரச் சொல்லியிருக்கறேன். நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நீ பின்னால பந்தல்லயே உக்கார வெச்சுச் சோறு போட்டு..."

"நான் மாட்டேன். நீங்க சொன்னீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க." மதுமதி மாடிக்கு ஏறிப்போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

அங்கம்மாள் வந்தாள். கொல்லைப் பக்கமாகத்தான் வந்தாள். மகன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்தி, நரைத்த முடியைப் படியச் சீவி ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தாள். கோகிலவாணி எழுந்து ஓடி, தானே இலை போட்டு, தானே பரிமாறினாள். லட்டு ஒன்று வைக்கிற இடத்தில் மூன்று வைத்தாள்.

"என்னுங்க அம்மிணி, இன்னிக்கு எனக்கு இத்தன உபசாரம்? என்ற கல்யாணத்துலகூட இப்பிடி ஒருத்தரும் கவனிக்கல" என்று சிரித்தாள் அங்கம்மாள். பத்து வயது மூத்தவள், ஆனாலும் கோகிலவாணிக்கு அவள் 'வா, போ'தான்.

"சாப்பிடு அங்கம்மா."

"சோறு கெடக்குதுங்க. பாப்பா என்னைய வரஞ்சு கூடத்துல மாட்டியிருக்குதாமா? எங்க வளவுல எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன். நம்பவே மாட்டீங்கறாளுக. உன்ற மூஞ்சிய எவ வரைவான்னு கேக்கறாளுக. ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிர்றேனுங்க. உள்ளுக்கு வர்ல. பக்கத்து வாசப்படியிலயே நின்னு பாத்துக்கறேன்."

"அப்பறம் பாக்கலாம் அங்கம்மா. கூட்டமாக் கெடக்குது. நாளைக்குச் சாவகாசமா..."

"நாளைக்கு இந்தச் சீலையக் கட்டிக்கிட்டு வரமுடியுங்களா? சித்த நேரந்தானுங்க."

கோகிலவாணி சொல்லத்தான் வாயெடுத்தாள். 'அங்கம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் ராசிபுரத்துக்காரர்கள் கிளம்புகிறார்கள், தாம்பூலம் கொடுக்க வா என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். தப்பித்தோம் என்று எழுந்து ஓடினாள். அப்படித் தப்பித்தோம் என்று நினைத்ததைத்தான் பிற்பாடு அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தேங்காயும் வெற்றிலையும் கையில் இருந்தபோது, கூடத்தில் அத்தாயியின் குரல் கேட்டது. "ஆரு? அங்கம்மாளா? வா, வா. எப்பிடி இருக்கற?"

பக்கத்து வாசற்படிக்கு வெளியே அங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கண் சுவரில் இருந்தது. முதலில் அவள் முகம் மலர்ந்ததைக் கோகிலவாணி பார்த்தாள். புங்கமரம், மலை, சட்டை என்று ஒவ்வொன்றாக அந்தக் கண் போய்த் தொட்டது. பிறகு மாலைக்கு வந்தது. பொட்டுக்கு வந்தது. கீழே விளக்குக்கு வந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"எனக்கு என்னங்க ஆச்சு?" என்றாள் அங்கம்மாள்.

"என்னது?"

"அது நானுங்களே. எனக்கு மாலை போட்டிருக்குதே."

அத்தாயி சிரித்தாள். பிரியமாகத்தான் சிரித்தாள். "அட, அது எங்கம்மா. எங்கய்யன் சட்டையப் பாத்தா தெரியலையா உனக்கு?"

"சட்டை ஐயனோடதுதானுங்க. ஆனா அதைய..."

"அங்கம்மா!" என்றாள் கோகிலவாணி.

எல்லோரும் திரும்பினார்கள். அங்கம்மாள் அவளைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். உதவிக்குப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்க அம்மிணி, இவிங்களுக்குத் தெரியல என்று கேட்கிற பார்வை.

"அது எங்க மாமியாரு. உனக்குக் கண்ணுல பொறை விழுந்திருச்சு, ஆசுபத்திரிக்குப் போ, போன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கறேன். நீ எங்க கேக்கற?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். "பாவம், ஆசப்பட்டு வந்திருக்குது" என்றது ஒரு குரல்.

அங்கம்மாள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆமாங்க. கண்ணு செரியாத் தெரியறதில்லைங்க" என்றாள். திரும்பிக் கொல்லைப் பக்கம் நடந்தாள். பின்னால் பந்தலில் அவள் இலை அப்படியே கிடந்தது. மூன்று லட்டிலும் ஈ.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. போகிற முன் அத்தாயி மாலை தெரியும்படிப் படத்தைத் தன் செல்லில் பிடித்துக்கொண்டாள். "மாலையக் கழட்டீராதீங்க, தானா வாடட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். திருச்செங்கோடு போய்ச் சேர்ந்ததும் பங்காளிகள் குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டாள். 'எங்கள் தெய்வத்தாய் பாப்பாயி அம்மாள்' என்று கீழே எழுதியிருந்தாள். தன் ஸ்டேட்டஸிலும் வைத்தாள். கோகிலவாணியின் செல் டிங், டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கும்பிடுகிற கைகள். விளக்குகள். ஓமலூரிலிருந்து ஒருவர், 'சின்ன வயதில் இந்த அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேன், அதே கம்பீரம்' என்று எழுதியிருந்தார்.

"பேசாம உட்ரு. ஆருக்குத் தெரியப் போகுது? அக்காளுக்கும் ஒரு நிம்மதி" என்றார் ஜெகதீஸ்வரன்.

"அங்கம்மாளுக்குத் தெரியுமே."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

சொல்ல மாட்டாள்தான். அது கோகிலவாணிக்கும் தெரியும். அது தெரிந்துதானே சபையில் அப்படிச் சொன்னாள்? வேறு யாரையாவது, ஒரு சொந்தக்காரியை, நீ குருடி என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மதுமதி சாப்பிட இறங்கி வரவே இல்லை.

மறுநாள் காலை, மஞ்சள் கிழங்கு பொறுக்க ஆட்கள் வந்தார்கள். அங்கம்மாள் வரவில்லை. கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோகிலவாணி செருப்பைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை வளவுக்கு, அங்கம்மாள் குடியிருக்கிற தெருவுக்கு, நடந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சந்துக்குள் அவள் போனதில்லை. வேண்டியவர்களைத் தெருமுனையில் நின்று கூப்பிட்டுத்தான் பழக்கம். வீடு எது என்று இரண்டு இடத்தில் கேட்கவேண்டி வந்தது.

மூன்றாவது திருப்பத்தில் பார்த்தாள். ஒரு வீட்டின் முன்னால் செருப்புகள் குவிந்து கிடந்தன. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, மாலை போட்ட நேரம். நான் கொன்றுவிட்டேன். என் வாயால் கொன்றுவிட்டேன்.

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் எழும்பியது. "புளியத் தட்டறதாயிருந்தா தட்டுங்கடி. இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க. செத்தவ ஊட்டுக்கு வந்தவளுக மாதிரி உக்காந்துக்கிட்டு!"

அங்கம்மாளின் குரல்.

கோகிலவாணி மெல்ல நடந்து போனாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நடுவில் சாக்கை விரித்து, புளியம்பழத்தைக் கொட்டி, அங்கம்மாள் சின்னக் கட்டையால் தட்டி ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"பொணம் பாக்க வந்தீங்களா அம்மிணி?" என்றாள் ஓரத்தில் இருந்த ஒருத்தி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"சும்மா இருடி" என்றாள் அங்கம்மாள். பிறகு கோகிலவாணியிடம் சொன்னாள், "இவ மகன்தானுங்க உங்க நங்கையா ஊட்டு ரிக் வண்டியில டிரைவரு. ஒரிசாவுல இருக்கறான். ஸ்டேட்டஸ்ல மாலையோட என்ற படத்தப் பாத்துட்டு விடியக்காலம் போன் பண்ணி அழுதிருக்கறான். பெரியம்மா எப்பத் தவறிப்போச்சு, எனக்கு ஏஞ் சொல்லலன்னு. சட்டையப் பாத்தே கண்டுபுடிச்சிட்டான். அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாட்டருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. கோகிலவாணி வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்த சொற்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"அங்கம்மா, நான் பொய் சொல்லிப்போட்டேன். அது நீதான்."

"அது எனக்குத் தெரியுமுங்க."

"என்னைய மன்னிச்சுக்கோ."

அங்கம்மாள் ஒரு புளியம்பழத்தை எடுத்துத் தட்டினாள். ஓடு உடைந்தது. கொட்டையைத் தனியே போட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்றீங்க. எனக்குச் சொல்லி என்னங்க ஆகும்? தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

சந்தில் ஒரு கோழி குறுக்கே ஓடியது. கோகிலவாணி மடியிலிருந்து செல்லை எடுத்தாள். பங்காளிகள் குரூப்பைத் திறந்தாள். எழுத வராது அவளுக்கு, எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். ஒலிவாங்கிப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். மூச்சு மட்டும்தான் பதிவானது. விரலை இடப்பக்கம் இழுத்து அதை அழித்தாள்.

"போயிருச்சுங்களா?" என்று கேட்டாள் அங்கம்மாள்.

"இல்ல."

மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் கோகிலா பேசறேன். நங்கையா நேத்துப் போட்ட படத்துல இருக்கறது என்ற மாமியார் இல்லீங்க. எங்க காட்டுல வேல செய்யற அங்கம்மா. நல்லா உசுரோட இருக்கறாங்க. ஆளுக்காரி படத்தக் கூடத்துல மாட்டியிருக்கறீங்கன்னு கேட்டாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்குப் பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிப்போட்டேன். நங்கையா மேல தப்பில்ல. மது மேலயும் தப்பில்ல. தப்பு என்றதுதான்."

விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது. பெண்கள் எல்லோரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு தெரியாதுன்னீங்களே, அதைய உட்டுட்டீங்க" என்றாள் அங்கம்மாள்.

குரலில் வன்மம் இல்லை. கடைக்காரனிடம் கொசுறு மறந்துவிட்டாய் என்று ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுக் கட்டையைக் கீழே வைத்துக் காத்திருந்தாள்.

கோகிலவாணி மறுபடி அழுத்தினாள். முதலில் சொன்னதைவிட இதுதான் கடினமாக இருந்தது. மாமியார் கதை எப்படியோ வாய் தவறி வந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். இது அப்படி வந்ததல்ல. முகத்தைப் பார்த்து, தெரிந்தே சொன்னது.

"இன்னொண்ணு. அங்கம்மாளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ஒரு கொறையும் இல்ல. அவங்க சொன்னதுதான் நெசம். அவங்க வாயடைக்கத்தான் நான் அப்பிடிச் சொன்னேன்."

அதுவும் போயிற்று. இரண்டு நீலக் குறிகள் வந்தன. யாரோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கும்பிடுகிற கை ஒன்றும் வரவில்லை. பிறகு செல் அலறியது. நங்கையா என்று பெயர் விழுந்தது.

"எடுங்க" என்றாள் அங்கம்மாள்.

எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டாலும் அந்தப் பக்கத்துக் குரல் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"கோகிலா. அது எங்கம்மா இல்லையா?"

"இல்லீங்க நங்கையா."

"அந்த நிக்கற நெலை?"

"அங்கம்மா நிக்கறதுங்க."

"ராத்திரி பூரா அதையப் பாத்துக்கிட்டே கெடந்தேன். எத்தன வருசம் கழிச்சு எங்கம்மாளப் பாத்தேன்னு நெனச்சேன்..." குரல் தேய்ந்தது. "அப்ப எங்கம்மா எங்கடி?"

கோகிலவாணி தன் பொய் ஒருத்தியை மட்டும்தான் சுட்டது என்று நினைத்துக்கொண்டு இத்தனை தூரம் நடந்து வந்திருந்தாள். இப்போது காதுக்குள் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை, அம்மாவை இரண்டாம் முறை பறிகொடுத்து அழுதாள். சந்தில் இருந்த பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அழுகை அடங்கியதும் வசவு ஆரம்பித்தது. என்னை விழுந்து கும்பிட வைத்தாயே, புகுந்த வீட்டார் முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பேன், உன் வயிற்றில் பிறந்தவள் யாரை வரைந்தாள் என்று சொல்ல உனக்கு என்ன கேடு, உயிரோடு இருக்கிறவளுக்கு என் கையால் மாலை போட வைத்தாயே பாவி, அந்தப் பாவம் யாருக்கு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் கோகிலவாணி, "ஆமாங்க நங்கையா" என்றாள். இந்த வசவில் நியாயமும் இருந்தது, நியாயமில்லாததும் இருந்தது. 'போயும் போயும் ஒரு ஆளுக்காரிய' என்ற ஒரு சொல்லும் வந்தது. அது வந்தபோது மட்டும் அவள் 'ஆமாங்க' சொல்லவில்லை.

"அப்பிடிச் சொல்லாதீங்க நங்கையா. அவங்க இங்கதான் உக்காந்திருக்கறாங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாங்க" என்றாள்.

அந்தப் பக்கம் சட்டென்று அமைதியாகிவிட்டது.

அங்கம்மாள் கட்டையைக் கையில் எடுத்தாள். அடுத்த புளியம்பழத்தைத் தட்டினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தட்ட ஆரம்பித்தார்கள். டொக், டொக் என்று அந்தச் சத்தத்துக்கு நடுவே, அணையாத செல்லைக் காதில் பிடித்துக்கொண்டு கோகிலவாணி வெயிலில் நின்றாள். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நங்கையா மறுபடி பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள்.